தோளில் நாலு விரல்

14.08.2009, வெள்ளி

மகள் கல்யாண ஆல்பத்தில, ஒரு படத்தில என் தோள்ல நாலு விரல் தெரியுது. ஆளைக் காணல. படக்காரர்கிட்ட கேமராவில எடுத்தபடியே சீடியில வாங்கி, இன்னைக்கு பெல்மதுளை நெட் கபேக்குக் கொண்டு போனேன். ரோ ஃபைலாம், சும்மா திறக்காதாம். கடைப் பொண்ணு ஏதோ வெப்சைட்ல ஏத்தினா. அரை மணித்தியாலம் கழிச்சுத்தான் பிரவுசர்ல படம் வந்துச்சு. என் பக்கத்தில என் கூடப்பொறந்த தம்பி சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்.

படக்காரருக்குப் போன் போட்டேன். "உங்க வீட்டு ஐயாதான் வெட்டச் சொன்னாருங்க அக்கா"ன்னாரு. வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும் பேச்சு நின்னு வருஷக்கணக்காச்சு.

ராத்திரி சாப்பாட்டில வீட்டுக்காரர் கேட்டாரு, "படம் திறந்துச்சா?"

"இல்லைங்க, திறக்கல"ன்னேன்.

அதுக்குப் பிறகுதான் அவர் சோத்தில கை வச்சாரு.