பதினெட்டு நாள் பாரம்பரியம்

டிச. 16, செவ்வாய்

தூறல். விடியுமுன் கிளம்பி திருவனந்தபுரம் ஏர்போர்ட். மஸ்கட் விமானம் தாமதம். வெளியே மாலையும் பலூனுமாகக் கூட்டம். ஒரு வீட்டார் 'டாடி வருக' என்று தொடங்கும் பேனரே அடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். நாலே வரி, மூன்று எழுத்துப்பிழை. புதுக்கடையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்து உட்கார்ந்திருப்பவனுக்கு ஊராரின் பாசம் முழுக்கப் பிழை திருத்தத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

ஷீபா வந்தாள். மூன்று வருடம் கழித்து. மூன்று பெட்டி. மெலிந்திருக்கிறாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், பதினெட்டு நாள் லீவு. ஜோயல் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். எட்டு வயது, அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆன்சிக்கு ஐந்து. என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். போனில் தெரியும் அம்மாவுக்குக் கை கால் உண்டு என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

"வா மக்களே, அம்மையில்லா?" என்று ஷீ. கையை நீட்டினாள். ஆன்சி என் பேண்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். எழுதி வைக்கிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

டிச. 17, புதன்

மழை விட்டது. கொசு.

காலையில் பால் எடுக்கப் போனால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல். 'எங்கள் கிறிஸ்மஸ் டிரடிஷன்ஸ்'. வாசிக்கத் தெரியாத ஆன்சிக்காக ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படம்.

ஸ்டார், நாமே செய்வது.
கேக், நாமே சுடுவது.
நாலு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை.
26, வட்டக்கோட்டையில் காலைச் சாப்பாடு.
31, ஒருவரைப் பற்றி ஒருவர் ஒரு நல்ல வார்த்தை.

"இது எங்க கெடச்சுது?"

"கூட வேலை பாக்குத பிலிப்பைன்ஸ்காரி வீட்டுல இப்படித்தான் செய்வாவளாம். வருசாவருசம் இதையே செய்யணும். பெரிசானாலும் பிள்ளையளுக்கு ஓர்மை நிக்கணும்."

ஒரு தடவைகூடச் செய்யாததற்குப் பெயர் பாரம்பரியம். எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தானாக வந்தவை மூன்று: சர்க்கரை வியாதி, எல்லைத் தகராறு, சபைக் கமிட்டிச் சண்டை. இவற்றுக்காக யாரும் பட்டியல் ஒட்டியதில்லை.

மத்தியானம் கடைக்குச் செல்வின் போன் செய்தான். பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன். "என்ன மக்கா, வீட்டுல வந்தாச்சா?" என்றான். "வந்தாச்சு. பாரம்பரியமும் பார்சல்ல வந்திருக்கு. பதினெட்டு நாள் கேரண்டி" என்றேன். அந்தப் பக்கம் அரை நிமிடம் சிரிப்பு. பரீட்சை எழுதிவிட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்த ஜோயலும் சிரித்தான்.

நன்றாக அமைந்த வாக்கியம். அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

டிச. 19, வெள்ளி

ஸ்டார் தயார். மூங்கில் சிம்பு, வண்ணத்தாள், பசை. மூன்று பேரும் தரையில். நான் நாற்காலியில். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. அதை நம்பி வந்தால் ஞானிகள் பெத்லகேமைத் தாண்டிக் கடலில் போய் இறங்குவார்கள். சொன்னேன். ஜோயல் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கோணலாட்டு இருந்தாலும் நாம செஞ்சதுல்லா" என்றாள் ஷீ.

கடையில் ஸ்கேலும் கட்டரும் என் கையிலேயே இருக்கும் சாமான்கள். பத்து நிமிட வேலை. செய்யவில்லை.

டிச. 22, திங்கள்

கடையில் கூட்டம். குடும்பப் படம் போட்ட கிறிஸ்மஸ் வாழ்த்து, இன்று மட்டும் ஏழு வீட்டுக்கு. ஏழிலும் அதே வசனம், அதே பனிமனிதன். புதுக்கடையில் பனி. ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருடம் ஆகிறது. இருவரையும் தனித்தனிப் படத்திலிருந்து வெட்டி, தோளோடு தோள் ஒட்டிக் கொடுத்தேன். "கொள்ளாம், ஒட்டுனதே தெரியல்ல" என்று வாங்கிப் போனார்கள்.

வீட்டில் கேக். ஒரு பக்கம் கருகல். கருகல் என்று சொன்னேன். சொல்ல அவசியமில்லை, சொன்னேன். பிள்ளைகள் கருகாத பக்கத்தைத் தின்றார்கள். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் இவர்களைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக் கனகம் அக்கா எட்டிப் பார்த்தாள். "ஒரு கேக்குக்கு இவ்வளவு பாத்திரமா ஷீபா?"

ஆன்சி என் மடியிலிருந்து இறங்கி, ஷீ. மடியில் போய் உட்கார்ந்து, மிச்ச மாவை வழித்து நக்கினாள். முதல் தடவை. போய் பைக்கைத் துடைத்தேன். பைக் அழுக்காக இல்லை.

டிச. 25, வியாழன்

சபை. நாலு பேரும் ஒரே பச்சை. கீரைக்கட்டு மாதிரி. வாசலில் ஒருவர், "என்ன, குடும்பத்தோட பாட்டுப் போட்டியா?" அவருக்கு முன்னால் நானே சிரித்துவிட்டேன். அது எனக்குப் பழக்கம். ஷீ. சிரிக்கவில்லை. ஜோயல் என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான்.

பிரசங்கம் நாற்பது நிமிடம். தாழ்மையைப் பற்றி. பேசியவருக்கு மூன்று முறை மைக் சரியில்லை என்று கோபம்.

மாட்டிறைச்சி, ஆப்பம். நல்ல தூக்கம்.

டிச. 26, வெள்ளி

ஏழு மணிக்குக் காரில் கிளம்பினோம். வானம் வெளுப்பு, நல்ல காற்று. புட்டு, பயறு, பழம் எல்லாம் ஷீ. விடியற்காலையே எழுந்து கட்டி வைத்திருந்தாள். வழி முழுக்க ஆன்சி "கோட்டைல ராஜா உண்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வட்டக்கோட்டைக்குள் வைத்துத் தின்னக்கூடாது என்றார் காவலாள். வெளியே மரத்தடியில் விரித்தோம். புட்டில் மணல். "பாரம்பரிய மணல்" என்றேன்.

பிறகு கோட்டைச் சுவர்மேல் ஏறினோம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் தென்னை. ஷீ. போனை எடுத்தாள்.

"ரெண்டு பேரும் இந்தச் செவரு பக்கம் நில்லுங்க. வருசாவருசம் இதே எடத்துல ஒரு போட்டோ எடுக்கணும். எவ்வளவு வளந்திருக்கீங்கன்னு தெரியும்."

"எதுக்கும்மா வருசாவருசம்?" என்றான் ஜோயல். "பதினெட்டு நாள் கேரண்டிதானே?"

"என்னது மக்களே?"

"அப்பா செல்வின் மாமாட்ட சொன்னாங்க. பாரம்பரியம் பார்சல்ல வந்திருக்காம். பதினெட்டு நாள் கேரண்டியாம்."

என் குரலிலேயே சொன்னான். நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினான். சொல்லிவிட்டு, யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தான்.

ஷீ. என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து அவன் காலரைச் சரிசெய்தாள். போனைப் பைக்குள் போட்டாள். "சரி மக்களே, எறங்குவோம். வெயிலு வந்தாச்சு."

வெயில் வரவில்லை.

விளையாட்டுக்குச் சொன்னது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆன்சியின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது.

திரும்பும் வழியில் ஜோயல் மட்டும் பின் சீட்டிலிருந்து இரண்டு முறை: "நான் என்ன சொன்னேன் அப்பா?"

டிச. 28, ஞாயிறு

பட்டியல் ஃபிரிட்ஜில் இல்லை. பசை ஒட்டிய நாலு மூலை மட்டும்.

ஆன்சி இரண்டு நாளாகக் காலையில் எழுந்ததும் ஃபிரிட்ஜ் முன்னால் போய் நிற்கிறாள். "இன்னைக்கு என்னதும்மா?"

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல மக்களே."

ஷீ. துணி துவைக்கிறாள், அலமாரி அடுக்குகிறாள், பிள்ளைகளுக்கு நகம் வெட்டுகிறாள். என்னிடம் சாதாரணமாகத்தான் பேசுகிறாள். "மீன் வாங்கணும்." "கேஸ் தீரப்போவுது." வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரனிடம் பேசுவதுபோல.

இப்படி யோசித்துப் பார்த்தேன்: மூன்று வருடமாகக் காய்ச்சல், பரீட்சை, பேன், பல் வலி எல்லாம் நான். இவள் வந்து படம் வரைந்து ஒட்டினால் பாரம்பரியமா? நியாயமான கேள்வி. செல்வினிடம் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பான். செல்வின் எதற்கும் ஆமாம் என்பான். இந்த ஊரில் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவன் செல்வின். இன்னொருவனுக்கு எட்டு வயது.

ஜோயல் நேற்றிலிருந்து எதையும் கேலி செய்யவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைக்கிறான். தண்டனை வரும் என்று காத்திருக்கிறான் போல. தண்டிக்கப்பட வேண்டிய நானோ அவனுக்கு எதிரே உட்கார்ந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

டிச. 31, புதன்

மேகம். சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்பிட்டேன். நானும் பிள்ளைகளும் கட்டிலில். ஷீ. கதவோரம் நின்றாள்.

"இன்னைக்கு முப்பத்தொண்ணு. நல்ல வார்த்தை சொல்லுத நாளு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கூட்டத் தலைவர் மாதிரி.

"வேண்டாம், விடுங்க" என்றாள்.

"படத்துல உண்டும்மா!" என்றாள் ஆன்சி. அவளே தொடங்கினாள். அப்பா நன்றாகப் பின்னல் போடுவாராம். அம்மாவின் கை மணக்குமாம். ஜோயல் கெட்டவனாம், ஆனால் இருட்டில் பயந்தால் கூட வருவானாம்.

என் முறை. ஷீபாவைப் பற்றி. நாள் முழுக்க அடுத்தவர் வாழ்த்துக்கு வசனம் அடிப்பவன். கடைசியில், "நல்லா சமைப்பா" என்றேன்.

"பொய்! கேக்கு கருகிட்டுல்லா!" என்று ஜோயல் கத்திவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டான். ஷீ. சிரித்துவிட்டாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீ சொல்லு மக்களே" என்றாள் அவனிடம். கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா நாங்க ஒறங்குத வரைக்கும் போனைக் கட் பண்ணாது. ஆன்சி ஒறங்கினப்பறமும் எனக்கிட்ட பேசும். சில நேரம் பேசாம பாத்துட்டே இருக்கும். நான் கண்ணை மூடிட்டு இருப்பேன், ஒறங்கியிருக்க மாட்டேன்."

எனக்கு இது தெரியாது. தினமும் எட்டரை மணிக்குப் பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடுவேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றே நினைத்திருந்தேன். மூன்று வருடம்.

"டூட்டியில பிரேக் எடுக்கது அப்பத்தான்" என்றாள் ஷீ., சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஜன. 3, சனி

மறுபடி ஏர்போர்ட். பிள்ளைகள் கனகம் அக்கா வீட்டில். ஆன்சி அழவில்லை. ஷீபாவின் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு தர மாட்டேன் என்றாள். அதை அவளிடமே விட்டுவிட்டு ஷீ. வேறு எடுத்துக்கொண்டாள்.

களியக்காவிளை தாண்டும்போது சொன்னாள்.

"பிப்ரவரியோட கான்ட்ராக்ட் முடியுது. இந்த வட்டம் வந்து பாத்துட்டு, வேலைய விடுதேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திரலாம்னுதான் நெனச்சேன். மார்த்தாண்டத்துல ஒரு ஆஸ்பத்திரியில கேட்டும் வச்சிருந்தேன்."

"ஏன் சொல்லல்ல?"

"வந்து பாத்தாத்தானே தெரியும், எனக்கு எடம் உண்டா இல்லியான்னு. நீங்க பிள்ளையள நல்லாத்தான் பாக்குதீங்க. பொய் சொல்லல்ல. எனக்குத்தான் அங்க எங்க நிக்கதுன்னு தெரியல்ல. அதுக்குத்தான் அந்தப் பட்டியலு."

திருவனந்தபுரம் நெருங்க, கைமனத்தில் நெரிசல். ஹாரன். நான் எதிரே நின்ற லாரியைத் திட்டினேன்.

"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கான்ட்ராக்ட்டுல ஒப்பு போட்டுருவேன்" என்றாள். இறங்கும்போது, "ஆன்சிக்கு இருமல் இருக்கு, பாத்துக்கிடுங்க."

உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். வருகிறவர்களை வரவேற்கத்தான் பேனர். போகிறவர்களுக்கு எதுவும் எழுதுவதில்லை.

ஜன. 6, செவ்வாய்

வெயில். பள்ளிக்கூடம் திறந்தாச்சு. கடை காலி.

பதினோரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மஸ்கட்டுக்கு அழைத்தேன். பகலில் நான் அழைத்ததே இல்லை. பயந்துவிட்டாள். "பிள்ளையளுக்கு என்னது?"

"ஒண்ணும் இல்ல. ஒப்பு போட்டாச்சா?"

"இல்ல. வியாழக்கிழமை."

"போடாண்டாம்."

அவளுக்குப் பின்னால் யாரோ அரபியில் கூப்பிடும் சத்தம்.

"வந்தா எனக்கு அங்க என்ன எடம்?" என்றாள்.

அழகாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "தெரியல்ல" என்றேன். "ஆனா நான் தள்ளி இருக்கணும். ரொம்ப எடத்தை அடச்சிட்டு இருக்கேன்."

"கேலி செய்வீங்க."

"செய்வேன். வாயி அப்படி. பிள்ளையளுக்கு முன்னால செய்யமாட்டேன்."

"ஜோயலுக்கிட்ட சொன்னீங்களா, அவன்மேல தப்பு இல்லன்னு?"

சொல்லியிருக்கவில்லை. சாயங்காலம் சொன்னேன், பைக்கில் வரும்போது, அவன் முகம் தெரியாதபடி. "அது எனக்க தப்பு மக்களே. நீ சொன்னது உள்ளதைத்தான்." முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டான். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

எட்டரைக்குப் போனைக் கொடுத்தேன். டி.வி. பக்கம் போகவில்லை, கட்டில் ஓரத்தில் இருந்தேன். இவர்கள் இருமல், புதுப் பென்சில் பெட்டி எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ஷீ. என்னிடம், "எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். "மார்ச் முதல் வாரம் வருவேன்."

ஜோயல் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஆன்சி மட்டும் நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

"எத்தன நாளைக்கு?"

இனிமேல் எப்பவும் என்றேன். அவளுக்கு அது எண்ணிக்கையாகத் தெரியவில்லை. விரலில் காட்டச் சொல்கிறாள்.