வயல் பூத்த படம்

கல்முனைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். மகளும் இப்போது சுகம். 'இப்போது' என்று எழுதிவிட்டேன். அழிக்கவில்லை.

லீவு முடிந்து திரும்பும் ஷிப்லி இதை நாளை டோஹாவுக்குக் கொண்டுவருவார். நேற்று நடந்ததை வாப்பாவோடு கதைக்கக் கூடாதென்று மகள் பஸ்மினா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதக் கூடாதென்று சொல்லவில்லை.

நமது வயல் பூத்திருக்கிறது. நீங்கள் கேட்ட படம் வந்திருக்கும். நேற்றுக் காலை பத்து மணிக்கு, நோன்போடு, வரம்பில் நின்று எடுத்தாள். நெல் பூவைத் திறக்கும் நேரம்.

வீட்டுக்கு வரும்போதே மூச்சு இழுப்பு. மருந்துப் பம்பை வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். "நோன்பு முறிஞ்சிரும் உம்மா." அதைச் சொல்ல மூன்று முறை மூச்செடுத்தாள். பிறகு பேச்சில்லை. உதடு நீலம். ஆட்டோவில் நான் ஓதியது எந்த சூறா என்றுகூட நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டு மருந்துப் புகை கொடுத்தார்கள். மகரந்தம் என்றார் டொக்டர். அவளுடைய சயன்ஸ் கொப்பியில் படம் கீறிப் பெயர் குறித்த சொல். வயல் பக்கம் விடாதீங்க, இழுப்பு வந்தால் அந்த நிமிசமே பம்ப் அடிங்க என்றார். மாஸ்க்கைக் கழற்றியதும் அவள் கேட்டது: "அப்ப இன்னம் ரெண்டில்ல, மூண்டா உம்மா?"

போன றமழானில் விடுபட்ட ஏழு நோன்பில் நேற்றையது ஐந்தாவது. அடுத்த றமழானுக்கு முன் அந்தக் களா நோன்புகளைப் பிடித்து முடிக்காவிட்டால் நீ என் மகளே இல்லை என்றீர்கள். நீங்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அவள் சிரிக்கவில்லை.

நோயாளிக்குச் சலுகை உண்டு, சுகமான பிறகு பிடிக்கலாம் என்று மௌலவியும் சொல்லிவிட்டார். "வாப்பா சொல்லல்லையே" என்கிறாள். வியாழக்கிழமை பிடிக்கப்போகிறாளாம். பம்பை எங்கோ ஒளித்துவிட்டாள்.

பக்கத்து வயல் பளீல் காக்கா பிந்தி விதைத்தவர். அவருடைய வயல் இனித்தான் பூக்கும். ஜன்னல்களைச் சாத்தியிருக்கிறேன். அவள் இருமினால் எழும்பிப் போய் உதட்டின் நிறத்தைப் பார்க்கிறேன்.

வியாழனுக்கு முன் உங்கள் குரலில் அவளுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். எதுவும் தெரியாதவர் போல. நோன்பு பிறகும் பிடிக்கலாம் மகள் என்று. படம் வடிவாக இருக்கிறதென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று எடுக்கப் போவாள்.

அல்லாஹ் நம் மூவருக்கும் நீண்ட மூச்சைத் தரட்டும்.

உங்கள்
சிபானா