ஹெல்மெட்டுக்குள் இருந்தது நான்

அன்புள்ள நைனாவுக்குத் தாரணி வணங்கி எழுதுவது. முதுகுவலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? கோயம்புத்தூரில் நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை.

பகலில் டீம் ஒர்க்‌ஷாப்பில் டயர் மாற்றுகிறேன், சாயங்காலம் ஓட்ட விடுகிறார்கள். அடுத்த மாத பைக் ரேஸில் எங்கள் டீமிலிருந்து ஒரு பெண்தான் ஓட்டலாம். அந்த இடம் என்னோடு பயிற்சி எடுக்கும் மோகனப்ரியாவுக்குப் போய்விட்டது. பயிற்சியில் ஒரு சுற்றுக்கு அவளைவிட நான் இரண்டு விநாடி முந்துகிறேன். "இப்பல்லாம் ஸ்பான்சர் வேகத்தக் கேக்கறதில்லம்மா, எத்தனை பேர் வீடியோ பாக்கறாங்கன்னுதான் கேக்கறான். நீ கேமராவப் பாத்தா ஊமையாயிடற" என்றார் டீமை நடத்தும் ஜெயப்பிரகாஷ் சார். உண்மைதான். நான் வணக்கம் சொல்வதையே ஒன்பது முறை எடுத்தார்கள்.

அதனால் வீடியோவில் பேசிச் சிரிப்பது அவள். வளைவில் சாய்ந்து திரும்புவதை மட்டும், அவள் ஹெல்மெட்டை எனக்கு மாட்டி எடுத்தார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். "அக்கா, செம டர்ன்" என்று அவளுக்கு எழுதுகிறார்கள். "உனக்கும் சேத்துதான்டி" என்று சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நேற்று, ரேஸன்று பூசிக்கொள்ள நம் ஊர் மலைக்கோயில் விபூதி கேட்டாள். பொட்டலம் நிறைய வைத்துக்கொண்டே தீர்ந்துவிட்டது என்றேன்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வீடியோவை அம்மாவுக்குக் காட்டுங்கள். "இன்னாடி, கோழி மாதிரி ரெக்கைய விரிச்சிகினு போற" என்று திட்டுவீர்களே, அப்படி முழங்கையை நீட்டித் திரும்புகிறவள் நான்தான். வெளியே சொல்லக் கூடாது என்று சார் சொல்லியிருக்கிறார். உங்கள் இருவருக்கும் தெரிந்தால் போதும்.

மெஸ்ஸில் தட்டுச் சத்தம் கேட்கிறது, ஓடுகிறேன்.

தாரணி

இல்லை நைனா, தெருவுக்கே சொல்லுங்கள்.