மாதத்துக்கு நானூறு கிராம்

பிப்ரவரி 1

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

இங்கே நான் நலம். வீட்டையும் ஊரையும் விட்டுப் போனவருக்கு என்ன குறை, நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

பேசிக்கொண்டபடி முதல் மாதச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் அஞ்சலகத்தில் பெரிய பார்சல்களை நிறுக்கும் மேடைத் தராசு அச்சடித்துத் தந்தது. தேதி, நேரம், எடை மூன்றும் இருக்கும். பொத்தானை அழுத்தியது தபால் பிரிக்கும் சார்டிங் அண்ணன், நான் இல்லை. எழுபத்து நாலு கிலோவில் ஆரம்பித்தேன். இன்றைக்கு எழுபது கிலோ இருநூறு.

கூப்பிடாதீர்கள் என்று சொன்ன பிறகும் பதினோரு முறை போன் செய்திருக்கிறீர்கள். நான் எடுக்க மாட்டேன். போனில் பேசினால் உங்களுக்கு மறந்துவிடுகிறது. என் அண்ணன் வீட்டில், எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "நான் கட்டிக்கிட்டது ஐம்பத்தெட்டு கிலோ பொண்ணை. இவளை இல்ல. விவாகரத்துல கையெழுத்துப் போடச் சொல்லுங்க." அதற்கு நான், "சரி, ஐம்பத்தெட்டு கிலோ ஆனதும் போடறேன். வாங்கின மாதிரியே திருப்பிக் குடுத்ததா இருக்கட்டும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினீர்கள். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை எல்லாம் சிவப்பு மையில். முட்டை, மீன், கீரை, கோஸ் எல்லாம் பச்சை மையில். "மாவுச்சத்தைக் குறைச்சாப் போதும், மூணே மாசத்துல ஆயிடும்" என்றீர்கள். அண்ணன் அதை ஒரு காகிதத்தில் எழுதி நம் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். தாளைத் தயாராகக் கொண்டு வந்திருந்தீர்கள் பாருங்கள், அதைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி

பிப்ரவரி 9

அன்புள்ள உனக்கு,

சீட்டு கிடைத்தது. ஒரே மாதத்தில் மூன்று கிலோ எண்ணூறு. நான் அன்றைக்கே சொன்னேன் அல்லவா? மீதி பன்னிரண்டு கிலோ இருநூறு. இதே வேகத்தில் போனால் மே மாதம் முடிந்துவிடும்.

கோபமாக எழுதியிருக்கிறாய். கோபம் உடம்புக்கு ஆகாது. நானும் வக்கீலைக் கேட்டுப் பார்த்தேன். நீ சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் முடியுமாம், இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் இழுக்குமாம். அதனால் உன் வழியிலேயே போவோம். யாருக்கும் கஷ்டம் வேண்டாம். அவளிடமும் சொன்னேன், சந்தோஷப்பட்டாள். ஜூலையில் கல்யாண மண்டபம் கிடைக்குமா என்று விசாரிக்கிறோம். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

தண்ணீர் நிறையக் குடி.

இப்படிக்கு,
உன் கணவன்

ஜூன் 1

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நலம். சீட்டு இத்துடன். அறுபத்தெட்டு கிலோ அறுநூறு.

நான்கு மாதத்தில் ஒன்றரை கிலோதானா என்று நீங்கள் பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. எனக்கும் வருத்தம்தான், என்ன செய்ய. சத்துணவு சொல்லித் தரும் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். "முதல் மாசம் போனதுல முக்கால்வாசி தண்ணிம்மா. இனிமேதான் நிஜமா இறங்கும், மெதுவாத்தான் இறங்கும். தராசைப் பாத்து மனசை விட்டுடாதீங்க" என்றார். மாதத்துக்கு நானூறு கிராம் என்றாலும் இறக்கம் இறக்கம்தானாம். அவசரப்பட்டால் போனதெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்துவிடுமாம். இதை உங்களுக்கும் சொல்லத் தோன்றியது. பொறுமையாக இருங்கள்.

ஜூலை மண்டபத்துக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே?

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி

ஆகஸ்ட் 6

உனக்கு,

இந்த மாதச் சீட்டில் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. போன மாதம் இருந்த அதே அறுபத்தெட்டு இருநூறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். பன்னிரண்டு மாடி லிஃப்டை நான் ஆறு வாரத்தில் மாட்டி ஓட்டிக் காட்டுகிறேன்.

ஒளிவுமறைவு இல்லாமல் கேட்கிறேன். நீ திருட்டுத்தனமாகச் சோறு சாப்பிடுகிறாயா? அந்தத் தாள் என் மேனேஜருக்கு ஐந்தே மாதத்தில் பதினான்கு கிலோ இறக்கியது. உன்னிடம் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

மாத்திரை அனுப்பியிருக்கிறேன். தினமும் இரண்டு. தங்கையையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் தங்குவாள். நான் எதற்கு அனுப்புகிறேன் என்று உனக்கே தெரியும்.

உன் கணவன்

ஆகஸ்ட் 25

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

மாத்திரையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். என் கவுண்டரிலேயே நிறுத்து, நானே முத்திரை குத்தினேன். நூற்றெழுபது கிராம். அதுவும் என் உடம்பில் ஏற வேண்டாம்.

உங்கள் தங்கை இருபதாம் தேதி வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேரே ஃபிரிட்ஜைத் திறந்தாள். முட்டை, பாலாடைக்கட்டி, கோஸ், கீரைக்கட்டு, மீன். அரிசி டப்பாவைத் திறந்தாள், உள்ளே பட்டனும் நூல்கண்டும் இருந்தன. மெத்தைக்குக் கீழேகூடப் பார்த்தாள், பாவம். அப்புறம் என் எதிரில் உட்கார்ந்து, "அண்ணி, அண்ணன் சொன்னாரேன்னு வந்தேன். எனக்கே வெக்கமா இருக்கு" என்றாள். "வெக்கத்தை விடு, சாப்பிடு" என்று மூன்று முட்டையில் ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன். போகும்போது அந்தத் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். அவளுக்கும் இடுப்புச் சதை இருக்கிறதாம்.

ஏன் இவ்வளவு கோபம் என்று அவளிடம் கேட்டீர்களாம். நீங்களே புதுக் கட்டிடத்தில் மாட்டிய லிஃப்டை ஓட்டிக் காட்டினீர்களே, குடும்பத்தோடு வரச் சொன்ன அந்த நாளை நினைத்துப் பாருங்கள். ஆறு பேர் ஏறியாயிற்று. ஏழாவதாக நான் காலை வைத்ததும் மணி அடித்தது. நானே இறங்கியிருப்பேன். அதற்குள் நீங்கள், "பொதி, நீ இறங்கு. உன்னை ஒருத்தியை இறக்கினா ரெண்டு பேர் ஏறலாம்" என்றீர்கள். மேனேஜர் சிரித்தார். அவர் மனைவி சிரித்தாள். உங்கள் வரவேற்பு மேஜைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்கள் சொன்னபடியே என் இடத்தில் மேனேஜரின் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனீர்கள். நான் ஏழு மாடியும் படியேறி வந்தேன். மேலே வந்து சேர்ந்தபோது கேக் வெட்டி முடித்திருந்தீர்கள்.

இதற்குத்தான் கோபம். வேறெதற்கும் இல்லை.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி

நவம்பர் 14

அன்புள்ள உனக்கு,

தங்கை வந்து சொன்னதைக் கேட்ட பிறகு உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு என்று தெரிந்துகொண்டேன். மன்னித்துவிடு. லிஃப்டில் சொன்னது விளையாட்டுக்குச் சொன்னது. அதைப் போய் இத்தனை நாள் மனசில் வைத்திருக்கிறாய்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அதே தாளை வைத்துத் தங்கை மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறக்கிவிட்டாள். உனக்கு முந்நூறு, நானூறு என்று பிச்சைக் காசு மாதிரி இறங்குகிறது. தைராய்டு பார்த்தாயா? தினமும் நடக்கிறாயா? வாரத்தில் ஒரு நாள் பட்டினி இருந்து பார்க்கலாமா? என் நிலைமையையும் கொஞ்சம் யோசி. மண்டபத்தை இரண்டாவது முறையாகத் தள்ளிப்போட்டுவிட்டோம். இவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒன்றாம் தேதி வந்தால் எனக்குக் கை நடுங்குகிறது, உன் கவரைப் பிரிக்க.

உன் கணவன்

ஜனவரி 1

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நலம். அறுபத்தாறு கிலோ நூறு. போன மாதத்தைவிட முந்நூறு குறைவு.

தைராய்டு பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. நடக்கிறேன். பட்டினி வேண்டாம் என்று சத்துணவு அம்மா சொல்லிவிட்டார். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரியாம், பக்கத்து வீட்டுத் தராசைப் பார்க்கக் கூடாதாம். "எடை நின்னு போற மாசம்தாம்மா பரீட்சை, அப்பதான் நிறைய பேர் விட்டுட்டு ஓடிடறாங்க" என்றார். நான் ஓடவில்லை. நீங்களும் ஓடக் கூடாது.

கவரைப் பிரிக்கக் கை நடுங்குகிறது என்று எழுதியதை நான்கு முறை படித்தேன். உங்கள் கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி

ஜூன் 10

என் அன்பிற்குரிய உனக்கு,

இந்த மாதச் சீட்டு வந்தது. அறுபத்து மூன்று எண்ணூறு. ஆனால் இனி நீ சீட்டு அனுப்ப வேண்டாம்.

அவள் போய்விட்டாள். இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. அதைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை.

போன மாதம் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறதாம், எடையும் தொண்ணூற்றொன்று. ஒன்றரை வருஷமாகப் பேக்கரியிலும் ஓட்டலிலும் சாப்பிட்டால் வேறென்ன ஆகும். டாக்டர் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்கிறார். இரண்டு வாரமாக முயற்சி செய்து அரை கிலோதான் இறங்கியிருக்கிறது. மனசு விட்டுப்போகிறது. நீ எப்படித்தான் இத்தனை மாதம் பொறுத்துக்கொண்டாயோ. உன் அருமை இப்போதுதான் தெரிகிறது.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவோம். ஐம்பத்தெட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீ எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம். உன் இஷ்டம்போல் சாப்பிடு. மாற்றலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த மாதமே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். உன் கையால் ஆக்கிப் போட்டால் எனக்கும் சரியாகிவிடும். நாம் இரண்டே பேர். முன்பு எப்படி இருந்தோமோ அப்படியே இருக்கலாம்.

எப்போதும் உன்,
கணவன்

ஆகஸ்ட் 18

என் செல்லத்துக்கு,

இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. சீட்டும் வரவில்லை. வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், ஆனாலும் ஒன்றாம் தேதி ஆனால் தபாலை எதிர்பார்த்துத்தான் நிற்கிறேன். மாற்றல் உத்தரவு அக்டோபர் கடைசியில் வந்துவிடுமாம். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் கணவன்

அக்டோபர் 1

வணக்கம்.

உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. எடை இறங்கிக்கொண்டிருந்ததால் பதில் எழுத நேரமில்லை.

சீட்டு இத்துடன். ஐம்பத்தேழு கிலோ தொள்ளாயிரம். விவாகரத்துச் சம்மதப் பத்திரத்தில் நான்கு இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நான்கே மாதத்தில் ஆறு கிலோ எப்படி என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் தாள் நல்ல தாள். அதன்படி ஒழுங்காக இருந்தால் இந்த உடம்பு மாதத்துக்கு ஒன்றரை கிலோ இறங்கும். ஆரம்பத்திலேயே எனக்குத் தெரியும். நீங்கள் சந்தேகப்பட்டது சரி. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி உங்களுக்குச் சீட்டைப் போட்டுவிட்டு, இரண்டாம் தேதியிலிருந்து பன்னிரண்டு நாள் சோறும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவேன். அதற்கப்புறம் மாதக் கடைசி வரைக்கும் தாளின்படி. சீட்டில் ஒரு கிராம்கூடப் பொய் இல்லை. உங்கள் தங்கை வந்தது இருபதாம் தேதி. அவள்மேல் கோபப்படாதீர்கள், அவளுக்கு எதுவும் தெரியாது.

முதல் சில மாதம் சோறு ருசித்தது. போகப் போகப் பசியே இருக்காது, வயிறு அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது நீங்கள் கவரைப் பிரித்து எண்ணைப் பார்க்கும் முகத்தை நினைத்துக்கொள்வேன். உள்ளே இறங்கிவிடும். போன அக்டோபரிலேயே இரண்டு பேரும் விடுபட்டிருக்கலாம். உங்களைக் காக்க வைத்த வருஷத்தில் நானும்தான் முழங்கால் வலியோடு படியேறினேன். என் உடம்பை நானே வதைத்துக்கொண்டேன் என்று தெரியும். ஆனாலும் திருப்தியாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

உங்கள் வரவேற்பு மேஜைப் பெண்ணுக்குப் பொறுமை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏப்ரலில் அவள் என் கவுண்டருக்கு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னும் எத்தனை கிலோ இருக்கு?" என்றாள். சொன்னேன். அழுதுவிட்டாள். "அவர் காலையில எழுந்தா உங்க எடை, படுத்தா உங்க எடை. வேற பேச்சே இல்லக்கா. போன வாரம் நீயும் பூசின மாதிரி இருக்கேன்னு என்னையும் மிஷின்ல ஏறச் சொன்னாரு. ஏறினேன். இறங்கி அப்படியே செருப்பைப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்" என்றாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தேன். சர்க்கரை போட்டுத்தான்.

போக வேண்டும் என்று நீங்கள் துடித்த வரைக்கும் பிடித்து வைத்திருந்தேன். வருகிறேன் என்று ஜூனில் எழுதினீர்கள். அன்றைக்கு நிறுத்தினேன் சோற்றை. அதற்கப்புறம் ஒரு பருக்கை தொடவில்லை. இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட எனக்கு இவ்வளவு சுலபமாக இருந்ததில்லை.

உங்கள் சர்க்கரைக்கு நான் ஆக்கிப் போட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முட்டை வேகப் பத்து நிமிஷம் போதும். அதற்கு மனைவி தேவையில்லை.

மாற்றலை ரத்து செய்துவிடுங்கள். வீட்டுப் பூட்டை மாற்றியாயிற்று. பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன். பத்து நாளுக்குள் போட்டு வக்கீலிடம் கொடுங்கள். யோசிக்கிறேன், பார்க்கிறேன் என்று மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். எனக்கு இனிமேல் பொறுமை கிடையாது.

நான்