மாடியிலிருந்து இறங்கிய சாவி

மதிப்புக்குரிய மேஜோபாபு அவர்களுக்கு,

சந்து முனையிலிருந்து இன்று காலை ஒரு வாசனை வந்தது. அதனால் இந்த மடல். எண் போடாமல் எனக்கு எதுவும் எழுத வராது என்று கேலி செய்வீர்கள். இந்த வயதுக்கு மேல் பழக்கம் மாறாது. ஆகவே, இதில் வரப்போகிறவை:

1. அந்த வாசனை.
2. நம் சந்தில் பூட்டு உடையாமல் நடந்த திருட்டுகள்.
3. நீங்கள் என் வீட்டுக்குள் நுழைந்த மத்தியானம்.
4. அதன் பிறகு சுக்தேவ் ஒருவருடைய சாவியையும் வாங்கி வைத்துக்கொள்ளாதது.
5. இன்னும் முடிவு செய்யவில்லை.

ஈரத் துணியின் மேல் கரி இஸ்திரிப்பெட்டி இறங்கும்போது எழும் ஆவிதான் அந்த வாசனை. கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் கரி. தினமும் வருவதுதான். ஆனால் இன்று ஜன்னல் வழியாகப் பார்த்தபோது சுக்தேவின் தேய்ப்பு மேசையில் ஒரு வெள்ளை உடுப்பு கிடந்தது. இப்போது நம் காவல் நிலையத்தில் இருக்கும் யாரோ ஓர் அதிகாரியுடையதாக இருக்கும். இந்த ஊர்ப் போலீசுக்கு வெள்ளைதானே. அதை வாங்கிப்போக நீங்கள் லுங்கியோடு வருவீர்கள் என்று சற்று நேரம் நின்றிருந்தேன். நீங்கள் போய் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது.

உடுப்பை வாங்க நீங்கள் ஆள் அனுப்பியதே இல்லை. காவல் நிலையத்தில் இரண்டாம் அதிகாரி. அதனால் பவானிபூரில் நம் பகுதி முழுக்க உங்களுக்கு மேஜோபாபு என்றே பெயர். ஆனாலும் மண்குவளைத் தேநீரோடு அந்த மேசையருகே நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசிக்கொண்டிருப்பீர்கள். வேலை இல்லாத மனிதர் என்று முதலில் நினைத்தேன். கேட்கவும் செய்தேன். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருந்தும் உங்கள் வாயைவிட்டுத் திருநெல்வேலி போகவில்லை.

"ஸ்டேஷன்ல உக்காந்தா புகார் வரும் வே. இங்க நின்னா சேதி வரும். சேதி வந்துட்டா பாதிப் புகார் வராது."

கார்டன் ரீச்சில் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு, மேசைக்கு வராத ஒன்று வேலை என்பதே புரியவில்லை.

இனி இரண்டாவது. அந்த வருடம் மழைக்காலம் முடிந்ததும் வீடுகளில் பொருள் காணாமல் போக ஆரம்பித்தது. எல்லாம் மத்தியானத்தில். சோறு உண்டபின் இந்த ஊர் தூங்கும் தூக்கம் நாம் அறிந்ததுதான். அந்த நேரத்தில் சந்தில் காக்கைகூடக் கத்தாது. ஒரு வீட்டில் கைக்கடிகாரம், ஒரு வீட்டில் வெள்ளிக் குங்குமச்சிமிழ். எங்கும் பூட்டு உடையவில்லை, கதவில் கீறல்கூட இல்லை. அப்படியானால் சாவி போட்டுத் திறந்திருக்க வேண்டும். வெளியூர் போகும்போது நாங்கள் பலரும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது சுக்தேவிடம்தான். கரி டப்பாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைப்பார். மத்தியானத்தில் அந்தச் சந்தில் விழித்திருப்பவரும் அவர் ஒருவர்தான்.

நம் சந்துக் கிளப்பின் தலைவர் பல்டுதா என்னிடம் வந்தார். "ஆபீஸ் பாஷை உங்களுக்குத்தான் வரும் அண்ணா. ஒரு மனு எழுதுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடறோம்." மறுக்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை. எழுதினேன். ஒன்று, பூட்டு உடையவில்லை. இரண்டு, சாவிகள் இவரிடம் இருக்கின்றன. மூன்று, இவர் மட்டும் விழித்திருக்கிறார். நான்கு, எனவே இவரை இங்கிருந்து அகற்ற வேண்டும்.

சுக்தேவின் தகப்பனாரும் அதே இடத்தில்தான் மேசை போட்டிருந்தார். திருட்டுப் பெயரோடு ஓரிடத்தைவிட்டுக் கிளம்பிய இஸ்திரிக்காரருக்கு வேறு எந்தச் சந்தும் இடம் கொடுக்காது. அதைவிடவும், கிளப் பையன்கள் போலீஸ் வரும்வரை காத்திருப்பானேன் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு சுக்தேவையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முன்பே மனுவை உங்களிடம் காட்டினேன். நின்றபடியே படித்தீர்கள்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீரு. ஒண்ணுக்கு அப்புறம் ரெண்டு, ரெண்டுக்கு அப்புறம் மூணு. படிக்கவன் கள்ளனைப் பிடிச்சாச்சுன்னே நினைப்பான்."

"தப்பு ஏதாவது இருக்கா சார்?"

"ஊரே தூங்கயில முழிச்சிருக்கவன் ஒருத்தன். அவனைக் கள்ளன்னு எழுதியிருக்கீரு. தூங்கினவங்களைப் பத்தி ஒரு வரி இல்லியே?"

அதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. மறுநாள் விளங்கியது.

மறுநாள் மத்தியானம் விழித்தபோது கூடத்தில் என் பிரம்பு நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். முன்னால் மேசையில் என் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, டிரான்சிஸ்டர், பூஜை மணி எல்லாம் வரிசையாக இருந்தன. நான் அடுக்குவதைப் போலவே அடுக்கியிருந்தீர்கள்.

"கதவு பூட்டியிருந்ததே சார்," என்றேன்.

"ஆமா, பூட்டித்தான் இருந்தது."

"பின்னே எப்படி வந்தீங்க?"

"நீருதாம்வே சாவி போட்டீரு."

மாடி வீடுகளில் கயிற்றில் பை கட்டி வைத்திருக்கிறோமே, காய்கறி ஏற்றவும் வாசல் சாவி இறக்கவும். நீங்கள் கீழே நின்று கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் தூக்கத்தில் "கே?" என்று கேட்டிருக்கிறேன், யார் என்று. நீங்கள் "ஆமி" என்றிருக்கிறீர்கள். நான்தான் என்று சொல்ல இந்த ஊரில் எல்லோருக்கும் இருக்கும் ஒரே சொல். அவ்வளவுதான். பை இறங்கிவிட்டது.

"உங்க குரல்னு நினைச்சு இறக்கியிருப்பேன்."

"என் குரல்னு நினைச்சீரா? யோசிச்சுச் சொல்லும்."

யோசித்தேன். "யார் குரல்னும் நினைக்கலை சார்."

"அதை எழுதும் வே. அஞ்சாவது பாயிண்ட்."

அதற்குள் என் மனைவி எழுந்து வந்தாள். "ரேஷன் கார்டைக் கேட்டிருந்தாலும் தூக்கத்துலயே இறக்கியிருப்பார். இருங்கோ, காபி போடறேன். திருடனுக்கும் சேர்த்து."

அன்று போல நீங்கள் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளப் அறையில் பல்டுதா பேசத் தொடங்குமுன் நீங்கள் கைக்குட்டையைப் பிரித்து கேரம் பலகையின் நடுவில் வைத்தீர்கள். உள்ளே ஒரு குவியல் சாவி. என் சாவியை முந்தைய நாளே திருப்பித் தந்துவிட்டீர்கள். இவை அதே மத்தியானம் சந்தில் இருந்த மற்ற மாடிகளிலிருந்து இறங்கியவை.

"இதெல்லாம் யாருடையது?" என்று வங்க மொழியில் கேட்டீர்கள்.

"மேஜோபாபு, இது போலீஸ் வேலையா, மோடிவித்தையா?" என்றார் பல்டுதா. பிறகு குனிந்து பார்த்தார். "அந்தச் சிவப்பு நூல் கட்டினது எங்க வீட்டுது மாதிரி இருக்கே."

"உங்க மாமியார் இறக்கினாங்க. 'ஆமி'ன்னேன். 'மாப்பிள்ளையா?'ன்னு அவங்களே கேட்டு, 'சரி, சரி'ன்னு அவங்களே பதிலும் சொல்லிக்கிட்டாங்க."

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. ஒருவர் பின் ஒருவராக வந்து, யாரும் யாரையும் பார்க்காமல், சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். மனு என் சட்டைப்பையைவிட்டு வெளியே வரவே இல்லை. பைகளை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். "பை இறங்கட்டும். இன்னொரு கேள்வி கேளுங்க, போதும். 'கோன் ஆமி?', எந்த நான்?" ஒரு வாரத்துக்குச் சந்துப் பிள்ளைகள் மாடியிலிருந்து பால்காரர், தபால்காரர் எல்லோரையும் அப்படிக் கேட்டு உயிரை வாங்கினார்கள். திருட்டு நின்றுபோனது. அந்த ஆள் பிறகு வேறொரு பகுதியில் பிடிபட்டான். நன்றாக உடுத்தி, கையில் இனிப்புப் பெட்டியோடு விருந்தாளிபோல வந்து நிற்பானாம்.

நான்காவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று எல்லோரும் சிரித்தபோது சுக்தேவ் சிரிக்கவில்லை. சுவரோரமாக நின்றிருந்தவர் மடியிலிருந்து தன்னிடம் இருந்த சாவிகளை எடுத்து, காலியான கேரம் பலகையில் வைத்தார். "இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க பாபு. இனிமே யார் சாவியும் எனக்கு வேண்டாம்," என்றார் இந்தியில். குரலை உயர்த்தவில்லை. அதில் ஒன்று என்னுடைய மாற்றுச் சாவி.

நீங்கள் அவருடைய இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். ஆனால் அந்த ஆணியில் தொங்கிய ஒன்றை உங்களாலும் மீட்க முடியவில்லை என்றே இத்தனை வருடமாக நினைத்துவருகிறேன். அடுத்த பூஜை விடுமுறைக்கு நாங்கள் கும்பகோணம் கிளம்பியபோது சாவியை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் துணியில் தண்ணீர் தெளித்தார். உங்களிடம் வந்து குறைபட்டேன். "அது அவன் பாடு வே," என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் இவ்வளவு எழுதியிருந்தேன். அப்போது கீழேயிருந்து ஒரு குரல்.

"கே?" என்றேன்.

"ஆமி."

"கோன் ஆமி?"

"டுன்டுன், ஜேட்டு. வெயில்ல நிக்க வச்சுக் கேள்வி கேக்கறீங்களே. அப்பாவோட ஆள்தான் நீங்க."

உங்கள் மகள். என்னை இன்னும் பெரியப்பா முறை சொல்லி ஜேட்டு என்றுதான் கூப்பிடுகிறாள். புனேயிலிருந்து வீட்டைக் காலி செய்ய வந்திருக்கிறாள். காரியம் முடிந்து பூட்டிக்கொண்டு போன சாவியைப் புனேயிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறாள். "உங்ககிட்ட அப்பா ஒண்ணு குடுத்து வச்சிருப்பாரே?" என்றாள். இல்லை என்றேன். சொல்லும்போது எனக்குச் சற்று வலித்தது. உங்கள் மனைவி போனபின் தனியாக இருந்தீர்கள். தள்ளாத காலத்தில் அவசரத்துக்கு ஒரு சாவி பக்கத்தில் யாரிடமாவது இருக்க வேண்டும். எதிர் வீட்டில் நான் இருந்தேன். நீங்கள் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

சாவி செய்கிறவரைத் தேடி இருவரும் சந்து முனைக்குப் போனோம். என்ன தேடுகிறோம் என்று சுக்தேவ் கேட்டார், சொன்னோம். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். உங்கள் மகளைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

அவள் திகைத்தாள். உங்களைக் கொண்டுபோன அன்று சுடுகாட்டுக்கு அவரும்தான் வந்திருந்தார். நான் முந்திக்கொண்டு, "என்ன சுக்தேவ், மேஜோபாபு பொண்ணுதானே, எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"உங்களைக் கேக்கல பாபு."

"அவர் மகள்," என்றாள் அவள்.

"எந்த மகள்? வீட்டுல என்னன்னு கூப்பிடுவாங்க?"

"டுன்டுன்."

"தெரியும் மகளே. முகம் தெரிஞ்சாலும் கேட்டுட்டுத்தான் கொடுக்கணும்னு போலீஸ் சாப் சொல்லியிருக்கார்." கரி டப்பாவை நகர்த்தினார். பின்னால் அதே ஆணி. அதில் ஒரே ஒரு சாவி, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. உங்கள் உடுப்பின் ஓரத்திலிருந்து கிழித்த துணி என்று பார்த்தவுடன் தெரிந்தது.

எப்போது கொடுத்தார் என்று கேட்டேன். "அந்தக் கூட்டம் முடிஞ்ச சாயங்காலமே," என்றார் சுக்தேவ். "எனக்கு வேண்டாம்னேன். சாப் மேசையில வச்சுட்டு உடுப்பை எடுத்துட்டுப் போயிட்டார். யார்கிட்டயும் சொல்லாதேன்னார். சொன்னா எல்லாரும் வெக்கப்பட்டுக்கிட்டு வந்து கொடுப்பாங்களாம். அப்படி வர்ற சாவி வேண்டாம்னார்."

உங்கள் மகள் இப்போது உங்கள் வீட்டில் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருக்கிறாள். சத்தம் கேட்கிறது.

நான்காவது குறிப்பு தவறு, சார். சுக்தேவ் ஒரு சாவியை வாங்கி வைத்திருந்தார், இத்தனை வருடமும். அதை நான் அடித்துத் திருத்தவில்லை. தவறு தவறாகவே இருக்கட்டும். ஐந்தாவதாக எழுத வேண்டியது என் சட்டைப்பையில் இருக்கிறது. மாற்றுச் சாவி. வெட்கத்தால் இல்லாமல் அதை நீட்ட என்னால் முடியுமா, 'யாரு?' என்று கேட்டு அதற்கு மேல் 'எந்த நான்?' என்றும் அவர் கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. வெயில் தாழ்ந்ததும் கீழே போகிறேன். அவர் வாங்கிக்கொள்வார் என்று எண் போட்டு எழுதத் துணிவில்லை. இன்றைக்கு ஒரு குறிப்பு தவறியது போதும்.