எண்ணெய் நிறைந்திருக்கிறது

வெண்குன்ற வளநாட்டை உடையவரும், கீழாற்றை மலையேற்றி மேல்நகருக்குக் குடிநீர் தந்தவரும், பகைவர் குதிரைக்கும் தண்ணீர் மறுக்காதவருமாகிய திருநிலைநங்கைத் தேவியார், பொன்னிலைக் கோட்டையின் வடக்கு மாடத்தில் நின்றுகொண்டே சொல்லியருள, குதிரைப்பந்தியில் மருந்தோலை எழுதும் மாதேவன் காரி எழுத, மேல்நகர்க் காவலுடையார் சிங்கன் திருவடியாருக்குச் செல்லும் திருமுகம். உமது நகருக்கு மழை உண்டாகுக. உமது குடிகளுக்குச் சோறு உண்டாகுக. நிற்க.

நிற்க என்னும் சொல், நலம் விசாரித்து முடித்தபின் காரியத்துக்கு வருவதற்காக ஓலைகளில் எழுதப்படுவது. இங்கே அது நீர் நின்றுவிட வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது. செம்புவினை செய்யும் பூதி உமையாளைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்திருந்தால், திரும்ப உள்ளே அழைத்துப்போய் உட்கார வையும். பறையடிக்கச் சொல்லியிருந்தால் அடிப்பவன் கையைப் பிடியும். நேற்றுப் புறப்பட்ட தேவியாரின் ஓலை உம்மிடம் வந்திருந்தால் அதன்படி எதையும் செய்யாதீர். இவ்வளவையும் செய்தபிறகு மீதியைப் படியும்.

கீழாற்று நீரை மேல்நகருக்கு இறைத்துத் தள்ளும் ஏற்றப்பொறி எப்படிப்பட்டது என்று உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் அச்சு கல்லால் கட்டிய அறைக்குள்ளே சுழல்வது. சுழலும்போது யாரும் உள்ளே போக முடியாது. அச்சுக்கு எண்ணெய் போதுமா, சூடேறுகிறதா, விரிசல் விடுகிறதா என்று வெளியிலிருந்து அறிய வழியில்லாமல் நாடு தவித்த காலத்தில்தான் உமையாள் தன் மின்னுணரிகளோடு வந்தாள். நகக்கண் அளவே உள்ள செப்பு வில்லைகள் அவை. ஒட்டிவைத்த இடத்தின் சூட்டையும் நடுக்கத்தையும் ஈரத்தையும் உணர்ந்து, கம்பி வழியே பொன்னிலை அறிகூடத்துக்கு அவை சொல்லும். அங்கே முள் நகர்ந்து, தட்டில் எழுதியிருக்கும் சொல்லைத் தொடும். ஆபத்தென்றால் சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். தேவியார் அதைக் கண்ட அன்று தம் கைவளையைக் கழற்றி அவளுக்குப் போட்டார்.

உமையாள் ஒன்றுதான் கேட்டாள். பொறியைக் காப்பவர்கள் கண்ணெதிரிலேயே முள் இருக்கட்டும் என்றாள். மங்கலச் சொல்லவையார் மறுத்தார்கள். முள் தொடும் தட்டில் "இல்லை" என்றும் "உடைகிறது" என்றும் எழுதியிருக்கிறதாம். அப்படிப்பட்ட சொற்கள் சுத்தி செய்யப்படாமல் அரசுப் பொறியின் அருகே போகலாகாதாம். ஆகவே முள் பொன்னிலையில் இருக்கும், அவையார் பார்ப்பார்கள், மங்கலமாக மாற்றிய சொல்லையே பொறிக்காவலருக்குக் கம்பி வழியே திருப்பிச் சொல்வார்கள் என்று முடிவாயிற்று. தேவியார் அதற்கு இசைந்தார். இசைந்ததை நினைக்கும்போது இப்போது அவருக்கு வாய் கசக்கிறது. அதையும் எழுதச் சொன்னார்.

பிறகு அச்சு முறிந்தது. சக்கரம் உருண்டு சுவரைப் பெயர்த்து, கம்பியையும் அறுத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. கம்பி இருந்திருந்தால் இந்தக் குதிரை இப்படி ஓட வேண்டியதில்லை. மேல்நகரத்துப் பெண்கள் பள்ளத்தில் இறங்கித் தண்ணீர் சுமக்கிறார்கள். நீர் உடனே உமையாளைப் பிடித்து அடைத்தீர். எண்ணெய் வற்றிக் கிடந்த அச்சை நிறைந்திருப்பதாக அவள் மின்னுணரி பொய் சொன்னது என்பது உமது குற்றச்சாட்டு. பொறிக்காவல் தலைவன் தாழி எயினன் இளைப்பாறுகிறான் என்றும் அதே ஓலையில் எழுதியிருந்தீர். அழகான கையெழுத்து.

தேவியார் அதை நம்பினார். எயினன் அடிபட்டுப் படுத்திருக்கிறான் என்றெண்ணி, உடம்பு தேறட்டும் என்று ஒரு கூடை மாதுளை அனுப்பிவைத்தார். உமையாள் விஷயத்தில், செய்த பொருள் பிழைபடுவது உண்டு, அதற்காக ஒருத்தியைச் சிறையில் வாட்டுவது தகாது என்று எண்ணி, அவளைச் சிறப்புடன் ஊருக்கு வழியனுப்பி வையுங்கள் என்று சொல்லவைத் தலைவர் மங்கலாதிராயரிடம் வாய்மொழிந்தார். நல்ல நாள் பார்த்து நேற்றுப் புறப்பட்ட ஓலையின் பிறப்பு இதுதான்.

இன்று காலை அந்த மாதுளைக் கூடை திரும்பி வந்தது. சுமந்துவந்தவள் எயினன் மனைவி செம்பி. பழங்கள் வெடித்து, நீர் வடிந்து, ஈ மொய்த்துக் கிடந்தன. வாயிற்காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளை விரட்டப் பார்த்தார்கள். தேவியார் தாமே இறங்கிப் போனார். செம்பி சொன்னதை நகாசு செய்யாமல் அப்படியே எழுதச் சொல்லி ஆணை: "செத்தவருக்கு மாதுளை எதுக்கும்மா? எண்ணெய் நெறஞ்சிருக்குன்னு கம்பியில சொன்னாங்க, அதனால நாங்க ஊத்தல. நெறஞ்சதுல யாராச்சும் மறுபடி ஊத்துவாங்களா? அவரு சாகுற வரைக்கும் நெறஞ்சிருக்கு, நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

தேவியார் அந்த நிமிடமே அறிகூடத்துக்கு நடந்தார். அங்கே கண்டதை எழுத இந்தக் காரிக்கே அருவருப்பாக இருக்கிறது. புழுப்பிடித்த குளம்பைக் கழுவிவிட்டுச் சோறு தின்கிறவன் இவன். சிவப்பு விளக்குகள் அபசகுனமாம். அவற்றின் மேல் மஞ்சள் பட்டைச் சுற்றி, பட்டின் மேல் மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். சரம் வாடி அழுகி, கண்ணாடியில் பிசினாக வழிந்திருந்தது. எச்சரிக்கை மணியின் ஓசை சாவுக்கு அடிக்கும் சேகண்டியைப் போல் இருக்கிறதென்று அதன் வாய்க்குள் சந்தனத்தை அரைத்து அப்பியிருந்தார்கள். தேவியார் நகத்தால் அதைச் சுரண்டினார். புளித்த நாற்றத்தோடு எறும்புகள் அவர் விரலில் ஏறின. அவையார் வெற்றிலை மென்றுகொண்டு எழுந்து நின்று வணங்கினார்கள்.

அறிகூட விளக்குகளுக்கு எண்ணெய் தரும் கொப்பரைக்கும் ஒரு மின்னுணரி உண்டு. அதன் முள் என்ன சொல்கிறது என்று தேவியார் கேட்டருளினார். மங்கலாதிராயர் குனிந்து பார்த்து, கை கூப்பி, நிறைந்திருக்கிறது தேவி என்றார். தேவியார் கொப்பரைக்குள் கை விட்டார். அடியில் தூசிதான் இருந்தது. முள்ளைப் பார்த்தார், அது "இல்லை" என்ற சொல்லின் மேல் அசையாமல் நின்றது. இது என்ன என்று கேட்டபோது, அரண்மனைக்குள் நின்றுகொண்டு இல்லை என்று சொல்ல நாக்கு வருமா தேவி என்று அந்த மனிதர் சிரித்தார். அவர் வெட்கப்படவில்லை. பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

வீட்டில் அரிசிப்பானை காலியானால் நிறைந்திருக்கிறது என்று சொல்வதும், தாலிக்கயிறு அறுந்தால் பெருகிற்று என்பதும் நம் நாட்டுப் பெண்கள் பேச்சு. தேவியாரும் அப்படிச் சொல்லி வளர்ந்தவரே. அடுக்களையில் அது அழகாக இருக்கிறது. சொல்கிறவளும் கேட்கிறவளும் ஒரே பானையைப் பார்த்துக்கொண்டிருப்பதால். கம்பியின் அந்தக் கோடியில் பொறியைக் காப்பவர்களோ பொறைமலையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பேச்சில் நிறைந்தது என்றால் நிறைந்ததுதான். மின்னுணரி ஒவ்வொரு முறையும் மெய்யையே சொன்னது. உமையாள் பிழை செய்யவில்லை. அந்த மெய்யை வாயில் போட்டு மென்று, இனிப்பாக்கித் துப்பியவர்கள் இவர்கள். துப்பியது எயினன் தலைமேல் விழுந்தது.

இவ்வளவு கேட்டபிறகுதான் தேவியாருக்குத் தம் வாய்மொழி நினைவு வந்தது. ஊருக்கு வழியனுப்புதல் என்று உங்கள் அவையில் எதைச் சொல்வீர்கள் என்று மெல்லக் கேட்டார். கைதியானால், கழுவேற்றுவதை அப்படித்தான் எழுதுவோம் என்று மங்கலாதிராயர் விளக்கினார். சிறப்புடன் என்று தேவி சொன்னபடியால், சந்தனம் பூசி வழியனுப்புக என்று சேர்த்து எழுதியதாகவும், திருவடியார் நம் அவையில் பயின்றவராதலால் சரியாகவே புரிந்துகொள்வார் என்றும் சொன்னார். தேவியார் கைகளைக் கழுவத் தண்ணீர் கேட்டார். கழுவிக்கொண்டே இருந்தார். இந்த ஓலை எழுதும்போதும் விரலை முகர்ந்து முகர்ந்து பார்க்கிறார்.

மங்கல ஓலை பல்லக்கில் வரும். மண்டபந்தோறும் இறங்கித் தீபாராதனை கொள்ளும், கெட்ட நேரத்தில் எந்த வாயிலையும் கடக்காது. அந்த மடத்தனம் ஒன்றுதான் இன்று உமையாளுக்குத் துணை. இந்த ஓலை ராகுகாலத்தில், எதிரே விறகுச்சுமை வர, தலைவாரிப் பூவைக்காத குதிரைக்காரன் மடியில் புறப்படுகிறது. அவன் எங்கும் இறங்க மாட்டான்.

ஆணைகள் வருமாறு. உமையாளின் விலங்கைக் கழற்றுக. பொறிக்கூடம் மீண்டும் எழும்போது முள்ளும் தட்டும் காவலர் கண்ணெதிரில் இருக்க, இல்லை என்பது இல்லை என்றே எழுதப்பட்டிருக்கும். மங்கலாதிராயரும் அவையாரும் இன்றே மேல்நகர் புறப்படுகிறார்கள். பள்ளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வீடுவீடாக ஊற்றுவார்கள். யார் குடம் காலி என்று அந்த வீட்டுக்காரி சொல்வாள், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கூடையைப் போட்டுவிட்டு அப்போதே ஊர் திரும்பிய செம்பிக்குத் தேவியார் நேரில் வந்து தம் வாயால் சொல்ல வேண்டியது இருக்கிறது, ஆகவே மேல்நகருக்கு வருகிறார். வரவேற்பு வேண்டாம், வாழைமரம் ஒன்று கட்டப்பட்டிருந்தாலும் உமது பதவி போகும்.

இந்த இடத்தில் காரி, உமையாளை நல்லபடியாக அனுப்பி வையும் என்று எழுதிவிட்டான். தேவியார் ஓலையைப் பிடுங்கி அந்த வரியைக் கத்தியால் சுரண்டினார். அனுப்பு என்றும், அமர்த்து என்றும், கரையேற்று என்றும், வீடு என்றும் ஒரு சொல்லைக்கூட உம்மிடம் நம்பிக் கொடுக்க அவருக்குத் துணிவில்லை. இந்த நாட்டு ஓலைகளில் இதுவரை யாரும் எழுதாத சொற்களைத் தம் கையாலேயே எழுதுவதாகச் சொல்லி எழுத்தாணியை வாங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவருடைய கை.

உமையாளைக் கொல்லாதே. கொல்லாதே என்றால் கொல்லாதே. அவள் மூச்சு விட வேண்டும், சோறு தின்ன வேண்டும், தன் காலால் நடந்து என் எதிரே வந்து என்னைத் திட்ட வேண்டும்.

அன்ன முத்திரையும் மஞ்சள் காப்பும் இதற்கு இல்லை. அடுப்புக்கரியில் தோய்த்த என் பெருவிரல் ரேகையே முத்திரை. நிறைக, பெருகுக என்றும் முடிக்கவில்லை. அந்தச் சொற்கள் கெட்டுப்போய்விட்டன. இந்தக் குதிரைக்காரன் கையிலேயே பதில் எழுதித் தா. இருக்கிறாள் என்றால் இருக்கிறாள் என்று எழுது. பிந்திவிட்டோம் என்றால் செத்தாள் என்று எழுது. நலம் என்று எழுதாதே, எனக்கு விளங்காது.