மயங்காமல் உட்கார்ந்த மாமனுக்கு

மயங்கி விழுந்தே மதுரைக்குள் பேரெடுத்த என் சேது அண்ணனுக்கு,

கயலுக்குக் காது குத்தியாகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கடிதத்தைப் பிரித்தாலும் நீ கடைசி வரிக்குத்தான் ஓடுவாய். பொறுமை உனக்கு எப்போது இருந்தது? இரண்டு காதும் ஆறிவிட்டன, சீழ் இல்லை. காலையில் நாலு தடவை, சாயங்காலம் நாலு தடவை பார்க்கிறேன், அதனால் நிச்சயமாகச் சொல்கிறேன்.

இதை உன் திதிக்கே எழுதியிருக்க வேண்டும். முதல் வருஷம் எழுத உட்கார்ந்து, "நலமா" என்று ஆரம்பித்து, அந்த ஒரு சொல்லோடு பேனாவை மூடிவிட்டேன். இந்த வருஷத் திதியன்று கயலுக்குச் சளி. சளி போனதும் பல் முளைக்கிற காய்ச்சல். "இவ காய்ச்சலைத் தேடிப் பிடிக்கிறா"ன்னு அத்தை சொல்கிறார். என் மாமியாருக்கு நான் படித்த பி.ஏ.யை விட, நான் வாங்கி வைத்திருக்கிற தெர்மாமீட்டர் மேல்தான் கோபம்.

உன் மருமகளை நீ பார்த்ததில்லை. பதினோரு மாசம் ஆகிறது. கீழே ரெண்டு பல், மற்றபடி உன் பாட்டில் வருகிற அதே பொக்கை வாய்.

அந்தப் பாட்டைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. நீ சொன்னால் கதையில் கொஞ்சம் சேர்த்துச் சொல்வாய். இதைக் கயல் வளர்ந்ததும் படிக்க வைத்திருக்கப்போகிறேன், அதனால் நடந்ததை மட்டும் நான் சொல்கிறேன்.

சோழவந்தானில் செல்வி அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துத்தான் குத்த வேண்டும். செல்வி அக்கா நமக்குப் பெரியப்பா மகள். அவருக்குக் கூடப் பிறந்தவர் பாண்டி அண்ணன். அந்த மடி அவருடையதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர், "பந்திக்கு ஆள் பத்தலடா, நான் அடுப்பங்கிட்ட நின்னே ஆகணும். நீயும் மாமன்தான, உக்காரு" என்று உன்னைப் பாயில் உட்காரவைத்துவிட்டுப் போனார். நீ பெல்பாட்டமும் கழுத்து வரை முடியுமாக உட்கார்ந்தாய். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. நீ அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாய்.

தண்ணீர் தெளித்தார்கள். ஓலை விசிறியால் விசிறினார்கள். கரண்டியும் கையுமாக ஓடிவந்த பாண்டி அண்ணன்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். "கித்தாரு வாசிக்கிறவனுக்குக் கம்பியப் பாத்தா மயக்கம் வருதாம்ல" என்று பந்தி பந்தியாகச் சொன்னார். ஒரு வருஷம் உன் பெயரே மயக்க மாமன்.

அப்போது உனக்கு உயிர் அந்த ராக் குழுதான். தவமணி அண்ணன் வீட்டு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் பழகியதால் 'தி டின் ஷெட்' என்று பெயர். நீ எலெக்ட்ரிக் கிதார், கரீம் அண்ணன் பேஸ் கிதார், தவமணி அண்ணன் டிரம்ஸ். பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து கரீம் அண்ணன் செய்த ஆம்ப்ளிஃபயர், பாட்டுக்கு ஒரு தடவை புகையும். "பேரு வைக்க வேற ஒண்ணும் கெடைக்கலையாடா" என்று அப்பா கேட்டதற்கு, "தகரக் கொட்டகைன்னு தமிழ்ல வச்சா ஒத்துக்குவீங்களா" என்றாய்.

மூன்று பேரும் ரயிலேறி மெட்ராஸ் போய் ஒரு சின்ன இசைத்தட்டு போட்டு வந்தீர்கள். ஒரு பக்கம், ஆறு மாசம் நீ மண்டையை உடைத்துக்கொண்டு எழுதின சோகப் பாட்டு. மறுபக்கத்துக்கு ஒன்றும் இல்லையென்று, கேலி பேசிக்கொண்டே அரை மணி நேரத்தில் கட்டினது இது. முதலில் டிரம்ஸ் உருளும். பிறகு நீ போடுகிற ஒரு "ஐயய்யோ". அப்புறம்:

ஆசாரி ஆசாரி ஊசிய மறைங்க
மாமன் முழி பிதுங்குது விசிறி எடுங்க
புள்ள சிரிக்குது பொக்க வாயில
மாமன் கெடக்காரு மயங்கிப் பாயில

உன்னைக் கேலி பண்ணின ஊரை நீ திருப்பிக் கேலி பண்ணினதாகத்தான் நினைத்தாய். ஊர் என்ன செய்தது? மைக் செட்டுக்காரர்கள் அதைக் காதுகுத்துப் பாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையார் பாட்டு, பக்திப் பாட்டு, அடுத்தது உன் "ஐயய்யோ". திருப்பரங்குன்றத்துச் சத்திரத்தில் போட்டார்கள், சோழவந்தானில் போட்டார்கள். ஆவணி, தை என்றால் எந்தப் பஸ்ஸில் போனாலும் வழியில் ஓரிடத்திலாவது உன் குரல். மைக் செட்டுக்காரர் ஒருவர் தெரியாமல் தட்டைத் திருப்பிச் சோகப் பாட்டைப் போட்டுவிட்டு, தட்டு கெட்டுப்போச்சு என்று எடுத்துவிட்டாராம்.

"நாங்க புரட்சி பண்ண வந்தோம் பாப்பா. காதுகுத்துக்கு வந்து வாசிங்கன்னு கூப்புடுறாய்ங்க" என்று ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாய். மூன்றாம் நாள் போய் வாசித்துவிட்டு, பிரியாணி வாசத்தோடு வந்தாய். என் காலேஜில் பெண்கள், "மயக்க மாமன் உங்க அண்ணனாடி" என்று கேட்பார்கள். நான் பார்க்க அலட்சியமாக, "ஆமா" என்பேன். உள்ளுக்குள் எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

என் கல்யாணத்தன்று நீ ஒரு வாக்குக் கொடுத்தாய். ஞாபகம் இருக்கிறதா? "ஊர்ல எந்தப் புள்ளைக்கு மயங்குனாலும் உன் புள்ளைக்கு மயங்க மாட்டேன். கண்ண முழிச்சுக்கிட்டு உக்காருவேன். எழுதி வேணாத் தாரேன்." எழுதி வாங்கியிருக்கலாம். அடுத்த வருஷமே மஞ்சள் காமாலை வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டை என்னால் கேட்க முடியவில்லை அண்ணே. தூரத்தில் டிரம்ஸ் உருண்டாலே ஜன்னலைச் சாத்துவேன். தட்டு என் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடக்கிறது. கயலுக்கும் காது குத்தாமல் தள்ளிக்கொண்டே போனேன். ஒற்றைப்படை மாசத்தில்தான் குத்துவார்கள். ஏழாம் மாசம் காய்ச்சல் என்றேன். ஒன்பதாம் மாசம் வெயில் என்றேன். உண்மை என்னவென்றால், உன் மடி இல்லாமல் அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஊசிக்குப் பயப்படுகிற ரத்தம் எனக்கும்தான். தடுப்பூசி போடும்போதெல்லாம் கயலை உன் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறவள் நான்.

பதினோராவது மாசம் அத்தை விடவில்லை. "சேதுத் தம்பி இல்லைங்கிறது எங்களுக்கும் வருத்தந்தான். அதுக்காகப் புள்ள மூளிக் காதோட நிக்கணுமா? உங்க பெரியப்பா மகன் இருக்காருல்ல" என்றார்.

பாண்டி அண்ணன் மடியில். உன்னைப் பார்த்துச் சிரித்தவர் மடியில். ஆனால் முறை அவருக்குத்தான். என்ன சொல்லித் தடுப்பேன்? கரீம் அண்ணனுக்கும் தவமணி அண்ணனுக்கும் மட்டும் என் கையால் கடிதம் போட்டேன். மைக் செட்டுக்காரரிடம் அந்த ஒரு பாட்டு மட்டும் வேண்டாம் என்று உன் மாப்பிள்ளையைச் சொல்லச் சொன்னேன்.

திருமங்கலம் தாண்டி என் மாமியார் வீட்டுக் குலசாமி கோயில். புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. மொட்டை போடும்போதே கயல் அழுது தொண்டை கட்டிவிட்டது. தலையில் சந்தனத்தோடு பாண்டி அண்ணன் மடியில் வைத்தோம். சோழவந்தான் வெற்றிலைக் கட்டும் சீருமாக வந்திருந்தார். புது வேட்டி மொடமொடவென்று இருந்தது. ஆசாரி காதில் மையால் புள்ளி வைத்தார். கம்பியை எடுத்தார். கயல் வீறிட்டுத் திமிறினாள்.

பாண்டி அண்ணன் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. உதடு வெளுத்துவிட்டது.

"இருங்க ஆசாரி" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தாயி, அன்னைக்குப் பந்திக்கு ஆளு பத்தாமயெல்லாம் இல்ல. எனக்கு இந்தக் கம்பியக் கண்டா ஆகாது. சின்னதுலருந்தே. அதான் அவனப் புடிச்சு உக்கார வச்சேன்."

செல்வி அக்கா, "அடப்பாவி" என்றார், மெதுவாக.

"எங்க என் குட்டு ஒடஞ்சிருமோன்னுதான் அம்புட்டுச் சத்தமாச் சிரிச்சேன். அவன் போனதுலருந்து இத யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு" என்றார். கயலை அவர் கீழே விடவில்லை. "அவன் பாட்டப் போடச் சொல்லு தாயி. அவன் குரல் கேட்டா உக்காந்துருவேன்."

கரீம் அண்ணனைப் பார்த்தேன். அவர், "உன் இஷ்டம் தங்கச்சி. ஆனா ஒண்ணு. ஆஸ்பத்திரியில கடைசிப் பத்து நாள் எம்புட்டு ஊசி குத்துனாங்க. நான் கூடத்தான் இருந்தேன். ஒரு தடவைகூட அவன் கைய இழுக்கல" என்றார்.

இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை? நீ பயந்துகொண்டே போனாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மைக் செட்டுக்காரரிடம் நானே நடந்து போனேன். "மயக்க மாமன் தட்டு வச்சிருக்கீங்களா?"

"அது இல்லாம காதுகுத்துக்குக் கெளம்புவனா? ஒங்க வீட்டுக்காரருதான் வேணாம்னாரு" என்றார்.

"போடுங்கண்ணே. அது எங்க அண்ணன் பாடுனது."

அவர் தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, என் முகத்தைப் பார்த்து, துண்டால் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை துடைத்தார். "மூணு தட்டு தேஞ்சு போச்சும்மா. இது நாலாவது" என்றார்.

டிரம்ஸ் உருண்டது. புளியமரத்திலிருந்து நீ "ஐயய்யோ" என்றாய்.

கயல் அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். யார் இது என்பதுபோல வாயைத் திறந்தபடி ஸ்பீக்கர் பக்கம் தலையைத் திருப்பினாள். வலது காது நேராக ஆசாரிக்கு முன்னால் வந்தது. "அப்படியே இருக்கட்டும்" என்றார் ஆசாரி; முடித்தும்விட்டார். ஒரு சிணுங்கல், அவ்வளவுதான். அவள் அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் இடது காது ஆசாரிக்கு எட்டாதே. தவமணி அண்ணனும் உன் மாப்பிள்ளையும் பாயோடு சேர்த்துப் பாண்டி அண்ணனை ஆசாரிக்கு அந்தப் பக்கமாக இழுத்து வைத்தார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கரீமு, தோளப் புடிச்சுக்க மாப்ள" என்றார். கரீம் அண்ணன் ரெண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். இரண்டாவது சரணம் முடிவதற்குள் இடது காதும் முடிந்தது.

யாரும் விழவில்லை அண்ணே. கூட்டமே சிரித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அத்தை, "இன்னொரு தடவ போடச் சொல்லு" என்றார். அன்று மத்தியானத்துக்குள் ஏழு தடவை போட்டார்கள்.

பாண்டி அண்ணன் பந்தியில் கரீம் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். போகும்போது, "அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? நான் பயந்துதான் எந்திரிச்சுப் போனேன்னு?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கு வரை அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாட்டில் நீ மாமனுக்குப் பெயரே வைக்கவில்லை. தெரிந்தேதான் அவருக்காக உட்கார்ந்தாயா? தெரிந்தேதான் அத்தனை பேர் சிரிப்பையும் உன் தலையில் வாங்கிக்கொண்டு, அதையும் பாட்டாக்கி, அவரை விட்டுக்கொடுக்காமல் போனாயா? நீ செய்யக்கூடியவன்தான்.

தட்டை பீரோவிலிருந்து எடுத்துவிட்டேன். ரெக்கார்டு பிளேயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கயல் இப்போது "ஐயய்யோ" என்பதில் பாதி சொல்கிறாள். அம்மா என்று இன்னும் சரியாக வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நீ உன் வாக்கைக் காப்பாற்றிவிட்டாய். இனி என் முறை. ஒன்றரை வயசில் அவளுக்கு ஒரு தடுப்பூசி இருக்கிறதாம். அந்தத் தடவை நான் வேப்பமரத்தடியில் நிற்க மாட்டேன். என் மடியில்தான் வைத்துக்கொள்வேன். கண்ணை மூட மாட்டேன். அவள் காதுக்குள் ஆசாரி ஆசாரி என்று பாடுவேன். சுருதி சேராது, நீ பொறுத்துக்கொள்.

எழுதித் தந்துவிட்டேன், பார்த்தாயா.

உன் பாட்டைக் கேட்க மறுபடியும் ஜன்னலைத் திறந்துவிட்ட தங்கச்சி,
கயலின் அம்மா வசந்தா